நாடகப் பள்ளி ஆடிஷன்: யாரிடம் பேசுகிறீர்கள், அவரிடம் என்ன வேண்டும்?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அக்கா, ஆறாம் படிவ எஸ்.டி.பி.எம். தேர்வு முடித்துவிட்டேன். லண்டனில் இரண்டு நாடகப் பள்ளிகளுக்கும் இங்கே கோலாலம்பூரில் அஸ்வாரா கலைக் கழகத்துக்கும் விண்ணப்பிக்கப் போகிறேன். இரண்டு மோனோலாக் (நாடகத்தில் ஒரு பாத்திரம் தனியாகப் பேசும் பகுதி) வேண்டும், பெர்சனல் ஸ்டேட்மெண்ட் (என்னைப் பற்றி நானே எழுதும் கட்டுரை) வேண்டும் என்கிறார்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்தே பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியிருக்கிறேன். இடைநிலைப்பள்ளிக் கலைவிழாவில் கண்ணகியாக நடித்தேன், எல்லோரும் பாராட்டினார்கள். அதே பாணியில் செய்தால் போதுமா? எங்கே தொடங்குவது?"

கோலாலம்பூரில் ஆடிஷனுக்குப் போகும் பிள்ளைகளோடு பல வருடமாக உட்கார்ந்து வேலை பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன் தங்கச்சி: பாணியை விட்டுவிடுங்கள், கண்ணகியை விடாதீர்கள். ஏன் என்று விளக்குகிறேன்.

நம் பிள்ளைகளில் நடிப்புப் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் பேச்சுப்போட்டி வழியாக வருகிறார்கள். அதில் கிடைப்பது பெரிய சொத்து. உச்சரிப்பு சுத்தமாக இருக்கும், நீளமான பகுதியைத் தடுமாறாமல் மனப்பாடம் செய்ய வரும், கூட்டத்தைப் பார்த்தால் கை நடுங்காது. ஆனால் போட்டியில் நீங்கள் எல்லோரிடமும் பேசுகிறீர்கள். கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும், நீதிபதி நிமிர்ந்து பார்க்க வேண்டும், கை எப்போது உயர வேண்டும் என்பதைக்கூட ஆசிரியர் சொல்லிக் கொடுத்திருப்பார். ஆடிஷன் அறை அப்படி இருக்காது. சின்ன அறை, நான்கைந்து அடி தள்ளி ஒரு மேசை, இரண்டு மூன்று பேர். அவர்களுக்கு உங்கள் குரல் வளம் இரண்டாம் பட்சம். ஒரு மனுஷி இன்னொரு மனிதரிடமிருந்து ஒன்றை வாங்கப் பார்க்கிறாள், கிடைக்கவில்லை என்றதும் வழியை மாற்றிக்கொள்கிறாள், இதைப் பார்க்கத்தான் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரிடம் பேசுகிறேன், அவரிடம் எனக்கு என்ன வேண்டும், ஏன் இப்போதே வேண்டும் என்ற மூன்றுக்கும் பதில் இல்லாமல் ஒரு வரியைக்கூட மனப்பாடம் செய்யாதீர்கள்.

உங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்கலாம். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நிதானமாகத் திறந்து பாருங்கள். போட்டி மேடையில் பிள்ளைகள் 'தேரா மன்னா' என்ற முதல் சொல்லிலேயே உச்சத்துக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு மேல் ஏற இடமில்லை, கடைசிவரை ஒரே சத்தம். அங்கே உண்மையில் நடப்பது என்ன? அழுதுகொண்டு வந்து நிற்கிறவளைப் பார்த்து, நீ யாரம்மா என்று பாண்டியன் கேட்கிறான். அவள் அதற்குப் பதில் சொல்கிறாள். புறாவின் துன்பத்தைத் தீர்த்தவனும், பசுவின் கண்ணீருக்காகப் பெற்ற மகனையே தேர்ச்சக்கரத்தில் இட்டவனும் ஆண்ட புகார் என் ஊர் என்று ஆரம்பிக்கிறாள். அப்புறம் மாமனார் பெயர், புருஷன் இந்த ஊருக்கு வந்த காரணம், சிலம்பு விற்க வந்த இடத்தில் அவன் கொலையுண்ட செய்தி. எல்லாவற்றையும் சொல்லி முடித்துக் கடைசியாகத்தான் தன் பெயரைச் சொல்கிறாள்.

கோபத்தில் கத்துகிறவள் இந்த வரிசையில் பேச மாட்டாள். இது வழக்காட வந்தவளின் வரிசை. என் ஊரில் மாட்டுக்கே நீதி கிடைத்தது என்று சொல்லிவிட்டு அவள் மன்னன் முகத்தைப் பார்த்திருப்பாள். அவன் அசைந்தானா? இல்லை. அடுத்ததை எடுக்கிறாள். பிறகு அவன், கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று ஒரே போடாகப் போடுகிறான். உடனே அவள் பேச்சு சுருங்கிவிடுகிறது. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்ற ஒரே சான்று, அவ்வளவுதான். மன்னனோ தங்கள் சிலம்பில் முத்து என்கிறான். அத்தோடு வழக்கு முடிந்துவிட்டது, உடைத்துப் பார்ப்பதுதான் பாக்கி.

ஒரு பென்சில் எடுத்து, அவள் மன்னனை என்ன செய்யப் பார்க்கிறாள் என்பதை ஓரத்தில் ஒரு வினைச்சொல்லாக எழுதுங்கள். சுடுகிறாள், ஒப்பிட்டுக் காட்டுகிறாள், குற்றம் சாட்டுகிறாள், மடக்குகிறாள். 'கோபமாக', 'சோகமாக' என்று எழுத வேண்டாம். கோபமாக என்று எழுதினால் முகத்தைத்தான் கடுமையாக்குவீர்கள். மடக்குகிறாள் என்று எழுதினால் மூளை வேலை செய்யும், முகம் தானாக வரும்.

லண்டனில் இதைத் தமிழில் நடித்துக் காட்ட முடியாதே என்று கேட்பீர்கள். முடியாதுதான். அங்கே பெரும்பாலான பள்ளிகள் முதல் சுற்றுக்குக் கேட்பது இரண்டு பேச்சு: ஒன்று ஷேக்ஸ்பியர் அல்லது அவர் காலத்து நாடகத்திலிருந்து, இன்னொன்று நவீன நாடகத்திலிருந்து. ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு நிமிடம். எந்த ஆண்டுக்குப் பிறகு எழுதியதை நவீனம் என்று எடுத்துக்கொள்கிறார்கள், எந்தப் பேச்சுகளைச் செய்ய வேண்டாம் என்கிறார்கள் என்பதெல்லாம் பள்ளிக்குப் பள்ளி மாறும், அந்தந்தப் பள்ளியின் இந்த ஆண்டு அறிவிப்பைப் பாருங்கள். சரி, கண்ணகியைத் தெரிந்த ஒருத்திக்கு ஷேக்ஸ்பியரில் யார் பொருந்துவாள்? என் பதில், 'மெஷர் ஃபார் மெஷர்' நாடகத்தின் இசபெல்லா. இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி.

அவளும் அதிகாரத்தின் முன்னால் நிற்கும் இளம்பெண்தான். சகோதரன் கிளாடியோவுக்கு மரண தண்டனை. தீர்ப்புச் சொன்ன ஆஞ்சலோவிடம் உயிர்ப்பிச்சை கேட்க வந்திருக்கிறாள். கன்னிமடத்தில் சேரவிருந்தவள், சகோதரன் செய்த குற்றம் அவளுக்கே அருவருப்பு, அதனால் முதலில் தயங்கித் தயங்கித்தான் கேட்கிறாள். ஆஞ்சலோ மறுத்ததும், நியாயமான ஆனால் கொடிய சட்டம், அப்படியென்றால் எனக்கொரு சகோதரன் இருந்தான் என்று வைத்துக்கொள்கிறேன் என்று கிளம்பவே பார்க்கிறாள். பக்கத்தில் நிற்கும் சகோதரனின் நண்பன் லூசியோ, விட்டுவிடாதே, திரும்பப் போய்க் கேள், நீ ரொம்ப ஆறிப்போய்ப் பேசுகிறாய் என்று தள்ளிவிடுகிறான். அதற்குப் பிறகுதான் அவளுக்குள் இருந்த வழக்கறிஞர் வெளியே வருகிறாள். அதிகாரம் கையில் கிடைத்தவுடன் மனிதன் ஆடுகிற ஆட்டத்தைப் பற்றி அவள் பேசும் இடம், பதினெட்டு பத்தொன்பது வயதுப் பெண்ணின் வாயில் அப்படியே உட்காரும். ஆஞ்சலோவின் குறுக்குக் கேள்விகளை எடுத்துவிட்டு அவள் வரிகளை மட்டும் சேர்த்துக்கொள்வது ஆடிஷனில் வழக்கமாகச் செய்வதுதான். ஆனால் எடுத்துவிட்ட வரிகள் உங்கள் காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். அவன் சொன்ன 'முடியாது'தான் உங்கள் அடுத்த வரியைப் பிறப்பிக்கிறது.

பழைய ஆங்கிலம் நாக்கில் வராது என்ற பயம் இருந்தால், முதல் வாரம் இசபெல்லாவை உங்கள் வீட்டுத் தமிழில் பேசுங்கள். எழுத்துத் தமிழ் வேண்டாம், அம்மாவிடம் சண்டை போடும் தமிழ். "சார், உங்க கையில அவ்ளோ பலம் இருக்கு, சரி, ஆனா அத அப்படியே காட்டணும்னு இருக்கா?" என்று பேசிப் பாருங்கள். யாரிடம் என்ன கேட்கிறோம் என்பது உடம்பில் ஏறிவிடும். அந்த அவசரத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஷேக்ஸ்பியர் வரிக்குத் திரும்புங்கள். வரிக்குப் பத்து அசை, ஐந்து அழுத்தம் என்பது அந்தச் செய்யுளின் அடிப்படை நடை. மேசையில் மெதுவாகத் தட்டிக்கொண்டே ஒருமுறை வாசித்தால் எந்தச் சொல்லில் எடை விழுகிறது என்று காது சொல்லிவிடும். யாப்பு கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் பிடிபடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உச்சரிப்பை மாற்றாதீர்கள். பிரிட்டிஷ் படங்களில் கேட்ட ஆங்கிலத்தைப் போர்த்திக்கொண்டு போகும் பிள்ளையின் கவனம் முழுக்க அந்தப் போர்வை நழுவாமல் பார்ப்பதிலேயே போய்விடும். உங்கள் பினாங்கு ஆங்கிலத்தில் தெளிவாகப் பேசினால் போதும். வேறு உச்சரிப்புகளைச் சொல்லித்தருவது பள்ளியின் வேலை.

இரண்டாவது பேச்சு, அதாவது நவீனம், முதலாவதுக்கு நேர் எதிராக இருக்கட்டும். இசபெல்லா நிற்கிறாள், வாதாடுகிறாள். அடுத்தவள் சிரிக்க வைக்கலாம், பொய் சொல்லலாம், ஒருவரை மயக்கலாம். உங்கள் வயதை ஒட்டிய பாத்திரமாக எடுங்கள். நாற்பது வயது விதவையாக நீங்கள் எவ்வளவு நன்றாக நடித்தாலும், உங்களுக்கு முதல் வருடத்தில் என்ன கொடுக்கலாம் என்று அவர்களால் யோசிக்க முடியாது. சினிமா வசனம் வேண்டாம். இணையத்தில் 'ஆடிஷனுக்கான மோனோலாக்' என்றே எழுதிப் போட்டிருக்கும் துண்டுகளும் வேண்டாம். அவற்றுக்கு முன்னும் பின்னும் நாடகம் கிடையாது. "இதற்கு முந்தைய காட்சியில் இவளுக்கு என்ன நடந்தது?" என்று ஒரு கேள்வி வந்தால் நின்றுபோவீர்கள். இன்னொன்றும் கவனியுங்கள். பழைய கதையை நினைத்து நினைத்துச் சொல்லும் பேச்சு படிக்க அழகாக இருக்கும், நடிக்கும்போது படுத்துவிடும். இப்போதே, இந்த நிமிடமே ஒன்று கிடைக்க வேண்டிய பேச்சாகத் தேடுங்கள்.

எங்கே தேடுவது என்றால், நம் நாட்டிலேயே தேடுங்கள் என்பேன். லண்டனில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் அதே பிரிட்டிஷ், அமெரிக்கப் பேச்சுகளை ஒவ்வொரு ஆண்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறவர். பீடோங்கில் பிறந்த கே. எஸ். மணியம் ஆங்கிலத்தில் நாவல்களோடு நாடகங்களும் எழுதினார், அவற்றில் நம் ஆட்கள் பேசுகிறார்கள். 1984-இல் கிரிஷன் ஜித், மரியன் டி குரூஸ் முதலானோர் கோலாலம்பூரில் தொடங்கிய ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டர் மலேசிய நாடகத்துக்கென்றே உழைத்த அமைப்பு. அவர்கள் மேடையேற்றியவற்றின் பிரதிகளை நூலகத்தில் விசாரியுங்கள். செந்தூலில் 2005 முதல் இயங்கும் கேஎல்பேக் கலையரங்கிலும், உங்களுக்கு எதிரே பினாங்குத் தீவில் ஸ்ட்ரெய்ட்ஸ் கீயில் உள்ள பினாங்பேக் கலையரங்கிலும் இளம் நாடக ஆசிரியர்களின் படைப்புகள் மேடையேறுகின்றன. ஃபெரி பிடித்துப் போய்ப் பாருங்கள். ஒரு நாடகத்தை நேரில் பார்த்துவிட்டு அதன் பிரதியைக் கேட்டு வாங்கிப் படிப்பது, இருபது பேச்சுகளைத் திரையில் மேய்வதைவிட நல்லது.

அஸ்வாராவுக்கு மலாயில் ஒன்று தயார் செய்துகொள்ளுங்கள். நேர்காணலும் மலாயில்தான் நடக்கும் என்று வைத்துக்கொண்டு பழகுங்கள். லண்டன் கிடைக்காவிட்டால் என்று அதை ஒதுக்கி வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. 1994-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் நவீன நடிப்போடு மக்யோங், பங்சாவான் போன்ற மலாய் மரபு நாடகங்களையும் கற்கலாம். லண்டனில் எந்தப் பள்ளியிலும் இது கிடைக்காது. பங்சாவானுக்கும் உங்கள் ஊருக்கும் உறவு உண்டு: பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துப் பினாங்கில்தான் அது உருவெடுத்தது. நேர்காணலில் இதைப் பற்றி இரண்டு நிமிடம் ஆர்வமாகப் பேச முடிகிற பிள்ளையை யாரும் மறக்க மாட்டார்கள். சிங்கப்பூரில் தி. சசிதரனும் குவோ பாவ் குன்னும் தொடங்கிய இன்டர்கல்ச்சரல் தியேட்டர் இன்ஸ்டிடியூட்டையும் பாருங்கள். கேரளத்தின் கூடியாட்டமும் ஜப்பானின் நோ என்ற மரபு நாடகமும் ஒரே படிப்பில் வருகின்றன. லண்டன் பள்ளிகள் பெரும்பாலானவற்றில் வெளிநாட்டு மாணவருக்கு ஆண்டுக் கட்டணம் மட்டுமே 20,000 பவுண்டைத் தாண்டும் என்பதை அப்பா அம்மாவோடு இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். இடம் கிடைத்த பிறகு பேசினால் எல்லோருக்கும் மனக்கஷ்டம்.

பயிற்சியைப் பற்றி ஒன்று. பேச்சை ஒரே மாதிரி நூறு தடவை சொல்லிச் சொல்லி இறுக்கிவிடாதீர்கள். ஆடிஷனில் நீங்கள் முடித்ததும் "நல்லது. இப்போது நீங்கள் பேசும் ஆள் தூங்கும் குழந்தையைக் கையில் வைத்திருக்கிறார் என்று நினைத்து மறுபடி செய்யுங்கள்" என்பது மாதிரி ஏதாவது சொல்வார்கள். முதல் தடவை பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. சொன்னதைக் காதில் வாங்கி மாறுகிறீர்களா, உங்களுக்குக் கற்றுத்தர முடியுமா என்று பார்க்கிறார்கள். பேச்சுப்போட்டிப் பிள்ளைகள் விழுவது இங்கேதான், சத்தம் மட்டும் குறையும், கை அதே இடத்தில் உயரும். அதனால் வீட்டில் தம்பியை எதிரே உட்கார வைத்து, ஒருநாள் அவன் எழுந்து போகப் பார்க்கட்டும், ஒருநாள் சிரிக்கட்டும், ஒருநாள் முதுகைக் காட்டி உட்காரட்டும். ஒவ்வொரு நாளும் அவனிடமிருந்து காரியத்தைச் சாதியுங்கள். அறைக்குள் போன பிறகு தேர்வாளர்களின் கண்ணைப் பார்த்து நடிக்காதீர்கள், அவர்கள் கேட்காதவரை. அவர்களுக்குக் குறிப்பெடுக்கும் வேலை இருக்கிறது. அவர்கள் தலைக்குச் சற்றுப் பக்கவாட்டில் ஆஞ்சலோவை நிறுத்திக்கொள்ளுங்கள். வரி மறந்தால் நின்று, மறுபடி தொடங்கலாமா என்று கேளுங்கள், யாரும் அதற்காக மதிப்பெண் குறைக்கப் போவதில்லை.

முதல் சுற்று வீடியோவாக இருந்தால் கைப்பேசி போதும். படுக்கைவாட்டில், கண் உயரத்தில் நிறுத்துங்கள். பின்னால் வெறும் சுவர், வெளிச்சம் முன்னாலிருந்து. பேசுகிற ஆளைக் கேமராவுக்கு ஒட்டிய பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டி ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள், இசை சேர்க்காதீர்கள். காற்றாடியை நிறுத்துங்கள், அதன் சத்தம் நமக்குப் பழகிப்போயிருக்கும், பதிவில் இரைச்சலாகக் கேட்கும். சாயங்கால மழைக்கு முன்னால், காலையிலேயே முடித்துவிடுங்கள்.

இனி பெர்சனல் ஸ்டேட்மெண்ட். ராடா, லாம்டா போன்ற பள்ளிகள் விண்ணப்பத்தைத் தாங்களே நேரடியாக வாங்குகின்றன, அவற்றின் கேள்விகள் வேறு. பிரிட்டனின் பொதுப் பல்கலைக்கழக விண்ணப்ப அமைப்பான யுகாஸ் வழியாகப் போகும் படிப்புகளுக்கு 2026 சேர்க்கையிலிருந்து பழைய ஒற்றைக் கட்டுரை கிடையாது, மூன்று கேள்விகள். இந்தப் படிப்பு ஏன் வேண்டும், இதுவரை படித்தது உங்களை எப்படித் தயார் செய்தது, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள், அது ஏன் பயன்படும். மூன்றும் சேர்ந்து இடைவெளி உட்பட 4,000 எழுத்துக்குள், ஒவ்வொன்றும் குறைந்தது 350 எழுத்து.

மோனோலாக்குக்குச் சொன்னதுதான் இங்கும்: ஒருவரிடம் பேசுங்கள். எதிரே இருப்பவர் நாள் முழுக்க விண்ணப்பம் படித்துக் களைத்த ஓர் ஆசிரியர். மூன்று வருடம் தினமும் உங்களோடு ஓர் அறையில் வேலை செய்ய அவருக்கு விருப்பம் வர வேண்டும். "சின்ன வயதிலிருந்தே நடிப்பு என் உயிர்" என்றால் அவருக்கு உங்களைப் பற்றி ஒன்றுமே தெரியாது. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு விஷயம் எழுதியிருந்தீர்கள்: கலைவிழாவில் மைக் நின்றுபோய், சத்தம் போடாமல் கடைசிப் பகுதியைப் பேசினீர்கள், அப்போதுதான் கூட்டம் அமைதியானது என்று. உங்களிடம் இருப்பதிலேயே அதுதான் தங்கம். இப்படி எழுதிப் பாருங்கள்: "மைக் நின்றதும் எதிரே மன்னனாக நின்ற தோழி ஓரடி முன்னால் வந்தாள். அதுவரை நான் அவளைப் பார்க்கவே இல்லை, கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளிடம் பேசத் தொடங்கியதும் எனக்குத் தெரிந்த வரிகளே புதிதாகக் கேட்டன. அதை வேண்டும்போதெல்லாம் செய்யக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன்." நான்கு வரிதான். கவனிக்கத் தெரிந்தவள், கற்றுக்கொள்ள வருகிறவள் என்று அவருக்குப் புரிந்துவிடும். நடந்தது நான் ஊகித்தபடி இல்லையென்றால் நடந்ததையே எழுதுங்கள். நேர்காணலில் இதைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள்.

பரிசுப் பட்டியலை ஒரே வரியில் முடியுங்கள். பார்த்த நாடகங்களில் ஒன்றை எடுத்து, ஒரு நடிகர் ஓர் இடத்தில் என்ன செய்தார், அது ஏன் வேலை செய்தது அல்லது செய்யவில்லை என்று எழுதுங்கள். பிடிக்காததையும் மரியாதையாக எழுதலாம். வேலை அனுபவத்தை விடாதீர்கள். அத்தையின் உணவுக்கடையில் ஆர்டர் எடுத்தது, கோயில் தண்ணீர்ப்பந்தலில் நின்றது, ஒரு நிகழ்ச்சியில் திரைக்குப் பின்னால் பொருள் எடுத்துக் கொடுத்தது எல்லாம் நேரத்துக்கு வருகிறவள், கூட்டாக வேலை செய்கிறவள் என்று காட்டும். நாடகப் பள்ளியில் அது சின்ன விஷயமில்லை. அந்தப் படிப்பு எப்படி நடக்கிறது என்று படித்துவிட்டு, அதில் எந்தப் பகுதி உங்களுக்கு ஏன் வேண்டும் என்று ஒரு பத்தி. பள்ளியின் புகழைப் பாட வேண்டாம், அது அவர்களுக்கே தெரியும். முதல் வரைவைத் தமிழிலேயே எழுதுங்கள். யோசனை தெளிந்த பிறகு ஆங்கிலத்தில் புதிதாக எழுதி, ஆங்கில ஆசிரியரிடம் பிழை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அழகுபடுத்தவிட்டால் உங்கள் குரல் போய்விடும்.

கடைசித் தேதியைப் பார்க்கும்போது நேரத்தையும் பாருங்கள். யுகாஸின் ஜனவரிக் கெடு பிரிட்டன் நேரம் மாலை 6 மணி, நமக்கு மறுநாள் அதிகாலை 2 மணி. அந்த இரவுவரை தள்ளிப்போடாமல் ஒரு வாரம் முன்னாலேயே அனுப்பிவிடுங்கள். பரிந்துரைக் கடிதம் எழுதப்போகும் ஆசிரியரை இந்த வாரமே போய்ப் பாருங்கள். டிசம்பர் பள்ளி விடுமுறை தொடங்கினால் அவரைப் பிடிக்க முடியாது. போகும்போது உங்கள் முதல் வரைவையும் கொடுங்கள். கண்ணகி விழாவை அவரும் பார்த்திருந்தால், கீழே உட்கார்ந்து பார்த்ததை அவரே எழுதட்டும்.